முத்தோரைச் சரிவும் வகுப்புக் குறிப்பும்

உதகைக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவு ஒன்றின்மேல் வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாகப் படுத்திருக்கிறது ஒரு வானொலித் தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் எழுப்பிய அக்கருவி 1970இல் இயங்கத் தொடங்கியது. அந்தச் சரிவு ஏறத்தாழ 11 பாகை சாய்ந்தது. உதகையின் அகலக்கோடும் ஏறத்தாழ 11 பாகையே. ஆகவே கருவியின் நீள அச்சு நிலவுலகின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஓர் அச்சில் மெல்லத் திருப்பிவந்தால் போதும், வான்பொருள் ஒன்றை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் இடைவிடாமல் பின்தொடரலாம். பொறிகள் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கை மலை ஏற்றுக்கொண்டது.

இடத்தின் இயல்பை அளந்தறிந்து, அதையே கருவியின் உறுப்பாக்கிக்கொள்ளும் இந்நோக்கு மென்பொருளுக்கும் பொருந்தும். உதகையில் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களாவைத் தன் வளாகத்துள் கொண்ட அரசு கலைக் கல்லூரி 1955 முதல் இயங்கிவருகிறது. அங்கும், குன்னூரிலும் கூடலூரிலும் உள்ள கல்லூரிகளிலும், படுகர் ஊர்களிலிருந்தும் தேயிலைத் தோட்டத்து லயன்களிலிருந்தும் வரும் பிள்ளைகள் பயில்கின்றனர். தமிழ்நாட்டரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பின்னர் 2025-26 நிதிநிலை அறிக்கையில், ஈராண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணாக்கர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கருவி கைக்கு வந்துவிட்டது. அதில் குறிப்பெடுக்க எதைத் திறப்பது? பெரும்பாலோர் திறப்பது சொற்செயலியை. அது மடல் எழுதவும் அறிக்கை ஆக்கவும் பிறந்தது. எழுத்தின் பருமனையும் பக்கத்தின் ஓரத்தையும் பற்றி ஓயாமல் கேட்கும். ஆசிரியர் அடுத்த கருத்துக்குப் போய்விட்டார் என்பதை அது அறியாது.

குறிப்பு எதற்கு எடுக்கிறோம்? டி வெஸ்டா, கிரே என்னும் இரு உளவியலாளர் 1972இல் இதற்கு இருவகைப் பயன் கூறினர். ஒன்று, எழுதும்போதே மனம் கேட்டதைப் பகுத்துத் தனதாக்கிக்கொள்வது. மற்றொன்று, பின்னாளில் எடுத்துப் பார்க்க ஒரு சேமிப்பு கிடைப்பது. கணினி இரண்டாவது வேலையில் வல்லது. முதல் வேலையைக் கெடுத்துவிட்டு இரண்டாவதைச் செய்யும் வாய்ப்பும் அதனிடம் மிகுதி.

பேசுகிறவர் நிமிடத்துக்கு நூறு சொற்களுக்கு மேல் பேசிவிடுவார். கையெழுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தால் பெரிது. செவிக்கும் கைக்கும் நடுவே உள்ள இவ்விடைவெளிதான் மாணவரைத் தெரிவு செய்ய வைக்கிறது: எது தலையாய கருத்து, எது எடுத்துக்காட்டு, எதை விட்டுவிடலாம் என்று. விசைப்பலகையில் பழகிய கை இவ்விடைவெளியைக் குறுக்குகிறது. குறுகக் குறுகத் தெரிவும் தளர்கிறது என்பதே அச்சம்.

இவ்வச்சத்துக்கு ஆய்வு வடிவம் தந்தவர்கள் பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும். 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மடிக்கணினியில் எழுதியவர்கள் மிகுதியாக எழுதினர். பேச்சாளரின் சொற்களையே அப்படியே பெயர்த்தனர். கருத்தறி வினாக்களில் பின்தங்கினர். சொல்லுக்குச் சொல் எழுதாதீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தும் பழக்கம் மாறவில்லை. உலகெங்கும் பல ஆசிரியர்கள் இதைச் சான்றாகக் காட்டி வகுப்பில் கணினியை விலக்கினர். ஆனால் 2019இலும் 2021இலும் அதே ஆய்வை மீண்டும் செய்து பார்த்தவர்களுக்குத் தேர்வு மதிப்பெண்ணில் அத்தகைய தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. 2021ஆம் ஆண்டு ஆய்வில், கணினியில் எழுதுவோர் மிகுதியாகவும் சொல் மாறாமலும் எழுதுகின்றனர் என்பது மட்டும் மறுபடியும் தெரியவந்தது. எனவே கணினி மாணவரை மந்தமாக்கும் என்று முழங்குவது அறிவியலாகாது. அது மாணவரைச் சொற்பெயர்ப்பின் பக்கம் சாய்க்கிறது என்ற அளவில் ஒப்புக்கொள்ளலாம். சாய்வு இன்னதென்று தெரிந்தால் அதற்கேற்பக் கட்டுவது கைவினைஞர் கடமை.

கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 1990களின் நடுவில் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் கிரிகரி அபவுட் குழுவினர் 'கிளாஸ்ரூம் 2000' என்னும் வகுப்பறையை அமைத்தனர். ஆசிரியர் மின்பலகையில் இடும் ஒவ்வொரு கோடும் இடப்பட்ட நொடியோடு பதிவாயிற்று. கூடவே குரலும் பதிவாயிற்று. பின்னர் ஒரு கோட்டைத் தொட்டால் அந்நொடியில் ஆசிரியர் பேசியது ஒலிக்கும். நேர்த்தியான அமைப்புத்தான். ஆனால் எல்லாம் தானே பதிவாகிறது என்று அறிந்த மாணவர்கள் தாங்கள் எழுதுவதைக் குறைத்துக்கொண்டனர். இன்று சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் போன்ற முயற்சிகளால் தமிழ்ப் பேச்சையே எழுத்தாக மாற்றும் பொறிகள் வந்துகொண்டிருக்கின்றன. முழு விரிவுரையும் விரலசைக்காமல் எழுத்தாகிவிடும் காலம் தொலைவில் இல்லை. அப்போது சேமிப்புக்கு விலையே இராது; பகுத்தறியும் பாதி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கும்.

என் துணிபு இது: குறிப்பு மென்பொருளுக்கு இருவகைத் தடைகள் உண்டு. மாணவரை நின்று தெரிவு செய்ய வைக்கும் தடை நல்லது; அதைக் காக்கவேண்டும். எழுத்தைத் தேடவும் பட்டியலைத் துழாவவும் வைக்கும் தடை தீயது. அதை வேரோடு களையவேண்டும். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஒரு பக்கத்தை ஒட்டுமொத்தமாகப் படியெடுத்து ஒட்டுவதற்கு இரண்டு விசை போதும். ஓர் அம்புக்குறி போட நான்கு பட்டியல்களைத் திறக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். ஆசிரியர் தேயிலை பதப்படுவதை விளக்குகிறார். ஆலைக்காரர் அதை நொதித்தல் என்பர், ஆனால் அங்கே நுண்ணுயிருக்கு வேலையில்லை, கொழுந்தை வாட்டி உருட்டும்போது செல்கள் உடைகின்றன, உள்ளிருக்கும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு பாலிபீனால்களை மாற்றுகிறது, நிறமும் மணமும் அதனால் வருகின்றன, உலர்த்தும் வெப்பத்தில் நொதி அடங்கிவிடுகிறது என்று இரண்டு மணித்துளி பேசுகிறார். நன்கு பழகிய கை தாளில் இப்படி எழுதும்:

கொழுந்து → வாட்டல் → உருட்டல் (செல் உடைவு) → ஆக்சிஜனேற்றம் → உலர்த்தல்
நொதித்தல் ✗ நுண்ணுயிர் இல்லை!
பச்சைத் தேயிலை: வெப்பம் முதலிலேயே?

மூன்றே வரி. இதில் நான்கு அம்பு, ஒரு மறுப்பு, ஒரு வியப்பு, மாணவருக்குத் தானே எழுந்த ஒரு வினா. கடைசி வரி ஆசிரியர் சொன்னதே அன்று. குறிப்பின் உயிர் அதில் இருக்கிறது. (விடை: ஆம். பச்சைத் தேயிலையில் தொடக்கத்திலேயே வெப்பமேற்றி நொதியைச் செயலறச் செய்துவிடுவர்.) ஆகவே 'இதிலிருந்து இது', 'இது அன்று', 'என் ஐயம்' என்னும் மூன்றுக்கும் ஒவ்வொரு தனி விசை வேண்டும். ஐயம் என்று குறித்த வரிகளெல்லாம் வகுப்பின் முடிவில் தாமே ஒன்றுதிரண்டு திரையின் தலையில் நிற்கவேண்டும். எழுத்துருவை மாற்றும் பொத்தானோ வண்ணத் தட்டோ வகுப்பு நேரத்தில் கண்ணில் படவே கூடாது.

இனித் தீய தடைகளுள் தலையாயது தமிழ் உள்ளீடு. 'ஒளிச்சேர்க்கை' என்னும் சொல் நமக்கு ஏழு எழுத்து. ஒருங்குறியில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி இடம் பெறுவதால், கணினிக்கு அது 13 குறியீடு. வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டாக 39 பைட்டு. எழுத்து, குறியீடு, பைட்டு என்னும் இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டு ஆங்கிலப் பழக்கத்தில் எழுதிய நிரல், தமிழ்ச் சொல்லை நடுவே வெட்டிப் புள்ளிவட்டத்தின்மேல் தொங்கும் கொம்பையும் காலையும் நமக்குக் காட்டும். அம்புவிசை முழு எழுத்தாக நகரவேண்டும். அழிக்கும் விசையோ உயிர்க்குறியை மட்டும் முதலில் எடுக்கவேண்டும். விரைந்து தட்டுகையில் நெடிலும் குறிலும்தாம் பெரும்பாலும் பிழைபடும். மெய்யையும் சேர்த்து அழித்தால் இருமுறை உழைக்கவேண்டிவரும்.

விசைப்பலகைக்கு விடை முன்பே கிடைத்துவிட்டது என்பேன். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 அமைப்பு, 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகியவற்றுக்கான விசைகளைக் கொண்டே 247 எழுத்தையும் தருகிறது. உயிரெல்லாம் இடக்கைப் பக்கம். மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'பச்சையம்' என்று எழுத ப, ச, ச, ஐ, ய, ம, புள்ளி என ஏழு தட்டு. அதையே ரோமன் ஒலிபெயர்ப்பில் எழுதுவோர் பலர் பதினொரு தட்டு தட்டுகின்றனர். அதோடு தமிழை வேறோர் எழுத்தின் வழியே நினைக்கும் சுமையும் சேர்கிறது. ஆயினும் கைப்பேசியில் வளர்ந்த தலைமுறை ஒலிபெயர்ப்பிலேயே ஊறிவிட்டது. அவர்களைக் கடிந்து பயனில்லை. மென்பொருள் இரண்டையும் ஏற்று, தமிழ்99ஐக் கற்க விரும்புவோர்க்குத் திரையின் ஓரத்தில் விசைவரைபடத்தை மங்கலாகக் காட்டினால் போதும். ஒரு பருவத்துக்குள் கை பழகிவிடும்.

வகுப்புப் பேச்சு தமிழும் ஆங்கிலமுமாகவே ஓடுகிறது. கலைச்சொல் ஒன்று ஆங்கிலத்தில் விழும்போதெல்லாம் மொழி மாற்றும் விசையைத் தேடச் சொல்வது கொடுமை. அதைத் தமிழெழுத்தில் கேட்டபடியே தட்டிவிட்டு, உரிய தமிழ்க் கலைச்சொல்லை மாலையில் இணைத்துக்கொள்ள ஓர் இடம் விட்டுவைக்கலாம். ஆக்சிடேஷன் என்று கேட்டதும் ஆக்சிஜனேற்றம் என்று பாடநூலில் கண்டதும் ஒரே பொருள் என்று ஒருமுறை காட்டினால், அன்றுமுதல் எதைத் தேடினாலும் இரண்டும் வரவேண்டும்.

தேடல் என்றதும் இன்னொரு சிக்கல் எழுகிறது. 'மரம்' என்று தேடினால் மரத்தில், மரத்தின், மரங்கள் எதுவும் வராது. வேற்றுமையும் பன்மையும் ஏறும்போது சொல்லின் கடைசி மெய்யே உருமாறிவிடுகிறது. நான்கு வடிவத்துக்கும் பொதுவாக எஞ்சுவது 'மர' என்னும் இரண்டெழுத்து. அதைத் தேடினாலோ மரபு, மரணம், மரபணு எல்லாம் வந்து குவியும். எனவே தமிழ்க் குறிப்பேட்டுக்குச் சொல்லின் அடியறியும் பகுதி கட்டாயம் வேண்டும். நன்னூல் மாணாக்கர்க்குத் தெரிந்த புணர்ச்சி விதிகளைத்தான் நிரலாக்க வேண்டியிருக்கிறது. இன்னும் நுண்ணிய வழுக்களும் உள. ஒகர உயிர்மெய்யை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. 'ஔ' என்னும் ஓரெழுத்தை 'ஒ', 'ள' என ஈரெழுத்தாகத் தட்டுவோர் எண்ணற்றோர். ஔவையாரைத் தேடினால் பாதி இடங்களில் அவர் அகப்படமாட்டார். சேமிக்கும்போதே இவற்றை ஒருமைப்படுத்திவிடுவது எளிது. செய்யாமல் விடுவதற்குச் சோம்பலன்றி வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சொல்லுக்குச் சொல் எழுதுவதை இதுவரை இகழ்ந்தாலும் அதற்குரிய இடம் ஒன்று உண்டு. அதற்கும் இம்மலையே சான்று. மொழியியலாளர் எமனோ, பரோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பகராதி தந்தவர், 1930களின் பிற்பாதியில் நீலகிரியில் தங்கிக் கோத்தர் மொழியையும் தோடர் மொழியையும் பதிவு செய்தார். கோத்தர் கதைகளைச் சொல்லக் கேட்டு ஒலிக்குறிகளால் எழுதிய தொகுதி 1944 முதல் 1946 வரை வெளியாயிற்று. அங்கே ஒவ்வொரு ஒலியும் பொருளாயிற்று. சுருக்கி எழுதியிருந்தால் மொழியே நழுவியிருக்கும். வகுப்பிலும் வரையறை, சட்டத்தின் வாசகம், சூத்திரம், செய்யுள் ஆகியவை அத்தகையவை. அவற்றுக்கென்று 'சொல் மாறாதது' எனக் குறிக்க ஒரு சட்டகம் வேண்டும். அதற்கு ஓர் அளவும் வேண்டும். பத்து வரிக்கு மேல் போனால் மென்பொருள் தடுக்கவேண்டியதில்லை, கட்டத்தின் ஓரம் சற்றே நிறம் மாறினால் போதும்.

படத்துக்கு வருவோம். உயிரியல் குறிப்பில் பாதி படமாகவே இருக்கும்; விசைப்பலகை அங்கே ஊமை. மாணவர்கள் கண்டுபிடித்த வழி, கைப்பேசியை உயர்த்திக் கரும்பலகையைப் படம்பிடிப்பது. நொடியில் முடிகிறது, மனத்தில் எதுவும் தங்குவதில்லை. தடைசெய்தால் கேட்பார்களா? மாட்டார்கள். படத்தை ஏற்று, அதன் மேல் மூன்று இடங்களையேனும் தொட்டுப் பெயர் எழுதும்வரை அதைக் 'கற்காதது' என்ற அடுக்கிலேயே மென்பொருள் வைத்திருக்கட்டும். சோலைக்காட்டின் குறுக்குவெட்டுப் படத்தில் மேல்விதானம் எது, பாசிபடர்ந்த கிளை எது, ஓடைக்கரைப் பெரணி எது என்று விரலால் தொட்டுக் குறித்தவருக்கு அப்படம் சொந்தமாகிவிடும்.

மலையின் இயல்பு மென்பொருளின் உள்ளமைப்பிலும் இறங்கவேண்டும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், தேவாலாப் பக்கம் பெய்யும் மழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது வழக்கம். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவத்தில் அதே கதை. பள்ளத்தாக்கில் அமைந்த ஊர்களுக்கு அலைக்கோபுரம் மலைமுகட்டுக்கு அப்பால் மறைந்துவிடும். இணையம் இருந்தால்தான் திறக்கும் குறிப்பேடு இங்கே பயன்படாது. எழுதிய ஒவ்வொரு வரியும் அக்கணமே கருவியின் உள்ளே சேரவேண்டும். பழையதை அழித்து மேலெழுதாமல், மாற்றத்தை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் பதிவுமுறை வேண்டும். நடுவில் மின்னாற்றல் நின்றாலும் கடைசி வரியோடு நட்டம் முடிந்துவிடும். 2000இல் ரிச்சர்ட் ஹிப் ஆக்கிய எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளம், மின்தடையிலும் தரவு சிதையாமல் காக்கும் இத்தகைய முறையோடு இன்று ஏறத்தாழ எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. புதிதாக ஆக்கவேண்டியது எதுவுமில்லை. மடிக்கணினியில் ஒரு மாற்றமும் கைப்பேசியில் இன்னொரு மாற்றமும் செய்துவிட்டு, மூன்று நாள் கழித்து உதகைப் பேருந்து நிலையத்தில் இணையம் கிடைத்தால் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? மார்க் ஷபீரோவும் உடனாய்வாளர்களும் 2011இல் வகுத்த முரண்படாப் படித்தரவு முறை இதற்கெனவே உள்ளது: எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் இரு படிகளும் ஒரே முடிவுக்கு வரும்படி கணிதத்தால் உறுதிசெய்யப்பட்ட தரவமைப்பு அது.

குளிரும் கணக்கில் வரும். தலைக்குந்தாப் பள்ளத்தில் உறைபனி விழும் இரவுகளில் லித்தியம் மின்கலத்தின் உள்தடை ஏறும். சுழியப் பாகைக்குக் கீழே மின்னேற்றினால் கிராஃபைட் மின்வாயின்மேல் லித்தியம் உலோகமாகவே படிந்து மின்கலம் கெடும். ஆகவே மென்பொருள் மின்னாற்றலைச் சிக்கனமாகச் செலவிடவேண்டும். கருப்புப் பின்னணி அதைச் சேமிக்கும் என்ற நம்பிக்கை பரவியுள்ளது. எல்சிடி திரையில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் அது பெரும் பயன் தராது. ஒளியைக் குறைப்பதே வழி.

கவனச் சிதறலைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. 2013இல் கனடாவில் சானா, வெஸ்டன், செப்பெடா செய்த ஆய்வில், வகுப்பில் திரையில் வேறு வேலை பார்த்தவர் மட்டுமன்றி, அத்திரை கண்ணில் படும்படி அமர்ந்திருந்தவரும் குறைந்த மதிப்பெண் பெற்றார். முழுத்திரையை எடுத்துக்கொண்டு பிற அறிவிப்புகளை அடக்கிவைக்கும் ஒரே பொத்தான் இதற்குப் போதும்.

வகுப்பு முடிந்த பிறகுதான் கணினிக்கு உண்மையான மேன்மை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் பரப்பிய குறிப்பு முறையில், பக்கத்தின் இடப்புறம் ஒரு குறுகிய பத்தி வெறுமையாக விடப்படும்; அன்று மாலை அதில் வினாக்களை எழுதி, வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விடை சொல்லிப் பார்ப்பர். மீண்டும் மீண்டும் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நெடுநாள் நிற்கும் என்பதை 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த ஆய்வு காட்டியது; படித்த சில மணித்துளிகளில் வைத்த தேர்வில் மறுபடி படித்தவர் முந்தினர், ஒரு வாரம் கழித்து வைத்ததில் நினைவுகூர்ந்தவர் முந்தினர். தாளில் கையால் மறைப்பதைக் கணினி தானே மறைக்கும். எந்த வினாவில் மாணவர் தடுமாறினார் என்று நினைவில் வைத்து, மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அதை மட்டும் முன்வைக்கும். தேயிலைக் குறிப்பின் இரண்டாம் வரியை மறைத்துவிட்டு, 'நொதித்தல் என்று ஏன் சொல்லக்கூடாது?' என்று கேட்கும். வினாவை எழுதும் வேலையை மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிடாமல் இருந்தால் நன்று. வினா எழுதுவதே பாதிக் கல்வி.

கடைசியாகக் கோப்பின் வடிவம். ஒருங்குறிக்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக் குறியீடுகளில் தட்டிவைத்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிகிறது. மாற்றிக் கருவி தேடி மீட்கவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பின்னர் அந்தத் துன்பம் பெரிதும் குறைந்தது. ஆனால் இன்றைய குறிப்பு மென்பொருள்கள் பல, தமக்கு மட்டுமே புரியும் பேழைகளில் குறிப்பைப் பூட்டி, நிறுவனத்தின் கணக்கோடு கட்டிவைக்கின்றன. கல்லூரி முடிந்து கணக்கு மூடினால் மூன்றாண்டு உழைப்பும் போகும். அரசு வழங்கும் கணினியில் நிறுவத்தக்க குறிப்பேடு எதுவாயினும், ஒவ்வொரு பாடத்தையும் ஒருங்குறித் தனியெழுத்துக் கோப்பாகவும் படங்களை அருகிலேயே தனிக் கோப்புகளாகவும் வைக்கவேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியின் விதியாகவே எழுதிவிடலாம். நான்காயிரம் எழுத்துள்ள ஒரு நாள் குறிப்பு, உயிர்க்குறியும் புள்ளியும் சேர்த்து எண்ணினாலும், ஏறத்தாழ 25 கிலோபைட்டுக்குள் அடங்கும். ஒரு பருவத்துக்கு நூறு நாள் எனக் கொண்டால், ஆறு பருவத்துக் குறிப்பும் 15 மெகாபைட்டுதான். படங்களை விட்டால், பட்டப்படிப்பு முழுவதையும் தோழரின் கைப்பேசிக்கு இணையமே இல்லாமல் சில நொடியில் அனுப்பிவிடலாம்.